மினியேச்சர் குதிரைகளோடு ஷோவுக்குப் போவது: சிகிச்சைக் குதிரையேற்ற மையங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் மையங்கள் பலவற்றில், பெரிய குதிரைகளோடு இரண்டு மூன்று மினியேச்சர் குதிரைகளும் இருக்கும். அவை சவாரிக்கு அல்ல. 34 அங்குல உயரம், நூறு கிலோவை ஒட்டிய எடை. அதன் முதுகில் யாரை ஏற்றுவது? பெரிய குதிரையைக் கண்டு பயப்படுபவர்கள், இடுப்பை நிமிர்த்தி உட்கார முடியாதவர்கள், சவாரிக்கான எடை வரம்பைத் தாண்டியவர்கள் ஆகியோர் தரையில் நின்றோ சக்கர நாற்காலியில் இருந்தோ மினியை நடத்திச் செல்வார்கள், தேய்த்துவிடுவார்கள், தடைகளைத் தாண்ட வைப்பார்கள்.

கொஞ்ச நாளில் யாராவது ஒருவர், "இவர்களை ஒரு ஷோவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே" என்பார். ஷோ என்றால் குதிரைகளும் அவற்றை நடத்துபவர்களும் நடுவர் முன் களத்தில் இறங்கும் போட்டி. கூட்டிப்போகும் வேலை பெரும்பாலும் ஒரு தன்னார்வலர் தலையில்தான் விழும். பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவிடப் போய், அப்படியே மையத்தின் ஆளாகிவிட்ட தமிழ்ப் பெற்றோர் டெக்சஸ், நியூ ஜெர்சி பக்கமெல்லாம் இருக்கிறார்கள். இது அவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

இந்த வேலையில் தடுமாற்றம் பெரும்பாலும் வரிசையில்தான் வருகிறது. அழகான குதிரையைத் தேர்ந்தெடுத்து, ஷோவில் பெயர் பதிந்து, உடை தைத்து, கடைசியில்தான் யார் பிடித்து நடத்துவது என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆள், வகுப்பு (ஷோவில் அவர் சேரும் போட்டிப் பிரிவு), ஷோ, அப்புறம்தான் குதிரை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் சம்மதமும் வருகையும், மைய நிர்வாகத்தின் அனுமதி, மினிகளுக்கு ஏற்ற டிரெய்லர், குதிரை மருத்துவர், குறைந்தது மூன்று மாத அவகாசம். சிகிச்சைக் குதிரையேற்ற மையங்களுக்கான பாத் இன்டர்நேஷனல் அமைப்பில் உறுப்பினராக உள்ள மையம் என்றால், மையத்துக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சிக்கும் அதன் பாதுகாப்பு விதிகளைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். மூன்று மாதம் இல்லையென்றால் இந்த வருஷம் பார்வையாளராக மட்டும் போய் வாருங்கள். அதுவும் பயனுள்ள வேலைதான்.

1. யார் களத்தில் இறங்கப்போகிறார்?

முதல் ஷோவுக்கு இரண்டு பேர் போதும். நான்கு பேரை அழைத்துப்போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பொறுப்பாளர், பெற்றோர், தம்பி தங்கை என்று கூட்டம் பெருகும். கூட்டத்தைக் கவனிக்கும்போது குதிரையைக் கவனிக்க மறந்துபோகும்.

போக விருப்பமா என்று களத்தில் இறங்கப்போகிறவரிடமே கேளுங்கள். அம்மாவிடம் கேட்டால் போதும் என்று விட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். பேச முடியாதவர் என்றால் படம் காட்டி, ஷோ வீடியோ போட்டுக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் காட்டினால் அதோடு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது உடல்நிலை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். சவாரிக்கு முன் இதற்காக மருத்துவர் அனுமதி கேட்பது வழக்கம். தரையில் கயிறு பிடித்து நடப்பவருக்கும் கேளுங்கள், ஏனென்றால் மினி திடீரென்று இழுத்தால் அந்த அதிர்ச்சி கழுத்தில்தான் இறங்கும். வலிப்பு வருபவர் என்றால் வெயில், தூக்கக் குறைவு, மருந்து நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகைப்பட அனுமதிப் படிவம் தனியாக வாங்க வேண்டும். மையத்துக்குள் எடுக்கும் படத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், ஊர் கூடும் இடத்தில் எடுப்பதற்கும் சம்மதித்தார் என்று அர்த்தமில்லை.

2. அவருக்கு எந்த வகுப்பு?

மினியேச்சர் ஷோக்களில் வகுப்புகள் ஏராளம். புதியவர்கள் பெயரைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். சிகிச்சை மையத்தின் கண்ணால் பார்த்தால் அவை இப்படி:

கையில் பிடித்து நடத்தும் தடை வகுப்பு. மரப்பாலம், தரையில் கிடக்கும் கம்புகள், கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது, இரண்டு கம்புகளுக்கு இடையே பின்னோக்கி நடப்பது. உங்கள் மையத்தில் வாராவாரம் நடப்பதும் இதுதான். நிதானமாகப் போகலாம், ஓட வேண்டியதில்லை. முதல் ஷோவுக்கு என் பரிந்துரை இது ஒன்றுதான்.

ஹால்ட்டர் (குதிரையின் தலையில் மாட்டும் வார்) வகுப்பு. இங்கே மதிப்பெண் குதிரையின் உடலமைப்புக்கு. கூட வருபவர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், இருபது வயது தாண்டி முதுகு தொய்ந்த சிகிச்சைக் குதிரை கடைசியில்தான் நிற்கும். இதை முன்பே சொல்லாமல் கூட்டிப்போனால் அழுகையில் முடியும்.

ஷோமன்ஷிப். இதில் குதிரையை அல்ல, நடத்துபவரைப் பார்ப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் செய்வது கடினம். நடுவர் குதிரையின் முன்பாதியில் நின்றால் நீங்கள் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், பின்பாதிக்குப் போனால் அவர் இருக்கும் பக்கத்துக்கே வந்துவிட வேண்டும். முன்னால் இருக்கும்போது நடுவருக்குக் குதிரை மறையக்கூடாது. பின்னால் போனதும், அது உதைக்கத் திரும்பினால் தலையை உங்கள் பக்கம் இழுத்துப் பின்புறத்தை அவரிடமிருந்து விலக்க முடிய வேண்டும். காரணம் தெரிந்தால் விதி மறக்காது. ஆனால் மணலில் சக்கர நாற்காலியை இப்படிப் பக்கம் மாற்றிக்கொண்டே இருப்பது பெரிய பாடு. இரண்டாவது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேடமணிந்து வரும் வகுப்பு எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் குதிரையின் வயிற்றில் உரசும் துணியும், பிள்ளையின் கழுத்தில் குத்தும் சரிகையும் ஒரே நேரத்தில் தொல்லை கொடுக்கும். தொடு உணர்ச்சி அதிகம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

வண்டி ஓட்டும் வகுப்பு, குதிரையை அவிழ்த்துவிட்டு இசைக்கு ஓடவிடும் வகுப்பு, கூடவே ஓடித் தடை தாண்டவைக்கும் வகுப்பு மூன்றும் முதல் ஷோவில் வேண்டவே வேண்டாம்.

ஷோ அறிவிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணையாள் கூடவே வர அனுமதி பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். இல்லாவிட்டால் அடுத்த படியில் கேட்டு வாங்க வேண்டும்.

3. ஷோவைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு பெரிய பதிவு அமைப்புகள் உண்டு. அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன் 34 அங்குலம் வரை மட்டுமே ஏற்கும். அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரெஜிஸ்ட்ரி 34 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 38 வரை இன்னொரு பிரிவு என்று வைத்திருக்கிறது. அளப்பது பிடரி மயிரின் கடைசி முடி இருக்கும் இடத்தில்; பெரிய குதிரைகளுக்குப் போலத் தோள்மேட்டின் உச்சியில் அல்ல. மையத்தில் எழுதிவைத்த உயரம் ஷோவில் மாறிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த அமைப்புகளின் ஷோவில் கலந்துகொள்ளக் குதிரைக்குப் பதிவுப் பத்திரமும் நடத்துபவருக்கு உறுப்பினர் அட்டையும் கேட்பார்கள். சிகிச்சை மையத்து மினிகள் பெரும்பாலும் நன்கொடையாக வந்தவை, அவற்றில் பலவற்றுக்குப் பத்திரமே இருக்காது. அதனால் முதல் தடவை மாவட்டக் கண்காட்சியோ, யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற உள்ளூர் திறந்த ஷோவோ பாருங்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்குள், ஒரே நாளில் போய்த் திரும்பும்படி இருந்தால் நல்லது.

பெயர் பதியுமுன் ஷோ செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் பேசினாலும் எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஷோ அன்று வாசலில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். கேட்க வேண்டியவை:

துணையாள் களத்துக்குள் வரலாமா, இரண்டாவது பிடிகயிறு போடலாமா. முதுகில் குத்தும் எண் அட்டையை வேறு இடத்தில் மாட்டலாமா (முதுகில் எதுவும் ஒட்டியிருந்தால் பொறுக்காத பிள்ளைகள் உண்டு). களத்தின் தரை எப்படி, சக்கர நாற்காலி உருளுமா. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை களத்திலிருந்து எவ்வளவு தூரம். முந்தின நாளோ அன்று காலையோ காலியான களத்தில் ஒருமுறை நடந்து பார்க்கலாமா. உங்கள் வகுப்பு நாளின் முற்பகுதியில் வருமா.

இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தோன்றாது. ஒலிபெருக்கியில் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். அறிவிப்பாளர் நல்ல மனதோடு, "ஆட்டிசம் உள்ள இந்தச் சிறுவனுக்கு ஒரு பெரிய கைத்தட்டு" என்று சொல்லிவிடுவார். பெயர், குதிரையின் பெயர், ஊர் ஆகிய மூன்றும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. கைத்தட்டு வேண்டாம், கையசைத்தால் போதும் என்பதையும் அதிலேயே எழுதலாம்.

காப்பீட்டுச் சான்றிதழில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி மைதானத்தார் கேட்பது வழக்கம். மையத்தின் காப்பீட்டு முகவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கடைசி வாரத்தில் அலைய வேண்டாம்.

4. இப்போது குதிரை

மையத்தில் மிகவும் அமைதியான மினிதான் ஷோவுக்கும் ஏற்றது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது பழகிய இடத்தில் மட்டும் அமைதியாக இருப்பதாகவும் இருக்கலாம். வேறு இடத்துக்குக் கூட்டிப்போனால் எப்படி என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம் என்று ஏற்கெனவே வெளியே போய்வந்த மினி இருந்தால் அதற்கே முதல் உரிமை.

ஆண்மை நீக்கிய குதிரை நல்லது. பெண் குதிரை என்றால் ஷோ நாளில் பருவத்தில் இருக்கலாம், பக்கத்து ஸ்டாலில் (குதிரையை அடைக்கும் தடுப்பறையில்) பொலிகுதிரை இருக்கலாம். அன்றைக்கு அதன் கவனம் உங்களிடம் இருக்காது. பொலிகுதிரையைக் கூட்டிப்போகும் பேச்சே வேண்டாம்.

ஒரு மினியைத் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். பழகிய ஜோடியாக இரண்டு வேண்டும். களத்துக்குப் போகும்போதும் இரண்டும் ஒன்றாகப் போகட்டும், ஒன்று வாசலுக்கு வெளியே நிற்கட்டும். ஸ்டாலில் விடப்பட்ட ஒன்று கனைக்க, களத்தில் இருப்பது பதில் கொடுக்க, பிடிகயிறு பிடித்த பிள்ளை நடுவில் திகைத்து நிற்பது ஷோக்களில் அடிக்கடி காணும் காட்சி.

வயதான மினிகளுக்குக் குஷிங் என்ற ஹார்மோன் கோளாறுக்காகப் பெர்கோலைடு மாத்திரை தினமும் போகும். பதிவு அமைப்புகளின் ஷோக்களில் மருந்து விதிகள் உண்டு. ஷோவுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடமும் செயலாளரிடமும் முன்பே சொல்லுங்கள், அனுமதி இல்லையென்றால் வேறு குதிரை. பயணத்துக்கோ முடி வெட்டவோ மயக்க ஊசி போடும் யோசனையும் இதே கணக்கில்தான் சேரும்.

5. காகிதங்கள்: எது முன்னால், எது பின்னால்

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மருத்துவரை இரண்டு மாதம் முன்பே அழைப்பவர்கள் உண்டு. ஷோ வரும்போது சில காகிதம் காலாவதியாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

தடுப்பூசி முதலில். டெட்டனஸ், ரேபிஸ், வெஸ்ட் நைல், கிழக்கு மற்றும் மேற்கு மூளையழற்சி ஆகியவை எந்தக் குதிரைக்கும் அடிப்படை. கூட்டம் கூடும் இடத்துக்குப் போவதால் இன்ஃப்ளுயன்சாவும் ஹெர்பிஸ் வைரஸ் ஊசியும் சேரும். இவை இரண்டையும் ஆறு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்று பல ஷோக்கள் கேட்கின்றன. ஷோவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் கழுத்து வலியும் வரலாம், பாதுகாப்பு உருவாகவும் நேரம் வேண்டும்.

அடுத்தது காகின்ஸ் பரிசோதனை. குதிரைத் தொற்று இரத்தசோகைக்கான இரத்தப் பரிசோதனை இது. இந்தக் காகிதம் இல்லாமல் பெரும்பாலான மைதானங்களில் வாசலையே தாண்ட முடியாது. பன்னிரண்டு மாதம் செல்லும் என்பது பொதுவான வழக்கம். முடிவு வரச் சில நாட்கள் ஆகும்.

கடைசியில் ஆரோக்கியச் சான்றிதழ். மாநில எல்லை தாண்டினால் இது வேண்டும், பொதுவாக 30 நாள்தான் செல்லும். போய்ச்சேரும் மாநிலத்தின் கால்நடைத் துறைதான் விதி வகுக்கும். டெக்சஸ் என்றால் டெக்சஸ் விலங்கு நல ஆணையம். அவர்களிடமே கேட்டுவிடுங்கள், ஷோ முகநூல் குழுவில் கேட்காதீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. காகின்ஸ் படிவத்தில் குதிரையின் நிறமும் அடையாளமும், பல சமயம் படமும் இருக்கும். மினியின் முடியை ஒட்ட வெட்டினால் கறுப்புக் குதிரை எலிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வாசலில் காகிதத்தையும் குதிரையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி போன்ற மாறாத அடையாளங்களைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், வெட்டிய பின் எடுத்த ஒரு படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. மையத்திலேயே ஷோவைக் கொண்டுவருவது

அதிக நேரம் செலவாக வேண்டியது இந்தப் படிக்குத்தான். பயிற்சி என்றதும் தடைகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். தடைகளைக் குதிரை ஏற்கெனவே நன்றாகச் செய்யும். தெரியாதது மற்றதெல்லாம்தான்: ஒலிபெருக்கி, கொடி, வெள்ளைக் கூடாரம், தள்ளுவண்டி, மிட்டாய்த் தாள், வாசலில் இருபது நிமிடக் காத்திருப்பு.

முதல் மாதம் குதிரையும் பொறுப்பாளரும் மட்டும். ஷோவில் பதிவு செய்த ஒலியை மெதுவாகப் போட்டு, தீனி தின்னும்போது கேட்கவிடுங்கள். நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். காது பின்னால் மடங்கினாலோ வால் இறுகினாலோ ஒரு படி குறையுங்கள். ஷோ நடக்காத நாளில் அந்த மைதானத்துக்கே ஒருமுறை கூட்டிப்போக முடிந்தால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இரண்டாவது மாதம் பிள்ளையையும் சேருங்கள். அன்று எப்படியோ அப்படியே: அதே தொப்பி, அதே சட்டை, எண் அட்டை, நடுவராக நடிக்க அவருக்குத் தெரியாத ஒரு பெரியவர். அறிமுகமில்லாதவர் கிட்டே வந்து குதிரையைச் சுற்றிப் பார்ப்பது பிள்ளைக்கும் மினிக்கும் ஒரே நேரத்தில் புது அனுபவம். பிடிகயிறு பழகியதாகவே இருக்கட்டும். தாடைக்குக் கீழே சங்கிலி ஓடும் ஷோ ஹால்ட்டரைக் கையில் கொடுக்காதீர்கள். பிடி இறுகித் தளர்வதைக் கட்டுப்படுத்த முடியாதவர் கையில் அது குதிரைக்கு வலியாக மாறும், வலி வந்தால் குதிரை தலையைத் தூக்கும்.

கயிறு எப்போதும் மடித்துக் கையில் இருக்க வேண்டும். கையைச் சுற்றியோ நாற்காலியின் கைப்பிடியில் கட்டியோ இருக்கவே கூடாது. குட்டையாக இருந்தாலும் நூறு கிலோ விலங்கு நான்கு காலையும் ஊன்றி இழுத்தால் நாற்காலி கவிழும். இரண்டாவது கயிறு துணையாளிடம் தளர்வாக இருக்கட்டும். அவர் அதை இழுத்து நடத்த ஆரம்பித்தால் பிள்ளை வெறும் பார்வையாளராகிவிடுவார், குதிரையும் யார் சொல்வதைக் கேட்பது என்று குழம்பும். தன்னார்வலர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் வர நாளாகும். அவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

சக்கர நாற்காலி என்றால் ஆழமான மணலில் உருட்டிப் பாருங்கள். முன் சக்கரம் சின்னதாக இருந்தால் புதைந்துவிடும். அகலமான முன் சக்கரம் மாட்டலாம், அல்லது களத்தின் இறுகிய ஓரத்திலேயே தடைகளை வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மூன்றாவது மாதம் காத்திருப்பைப் பழக்குங்கள். எதுவும் செய்யாமல், வாசல் போன்ற ஓர் இடத்தில், பிள்ளையும் குதிரையும் துணையாளும் கால் மணி நேரம் நிற்பது. இதைச் சலிப்பான வேலை என்று எல்லோரும் தவிர்க்கிறார்கள். ஷோவில் களத்துக்குள் இருப்பது ஐந்து நிமிடம், மீதியெல்லாம் காத்திருப்புதான். பரிசு ரிப்பன் வாங்கும் கட்டத்தையும் சேர்த்துப் பழக்குங்கள். பட்டுத் துணி காற்றில் படபடத்துக் குதிரையின் கண்ணருகே வரும்.

7. குளம்பும் முடியும்

குளம்பு சீவுவது ஷோவுக்குப் பத்து நாள் முன்பாக. முந்தின நாள் சீவினால் சில மினிகள் கூழாங்கல்லில் நொண்டும். லாடம் தேவையில்லை.

முடி வெட்டுவது உங்கள் விருப்பம். பதிவு ஷோவில் ஒட்ட வெட்டிய குதிரைகள்தான் நிற்கும், திறந்த ஷோவில் சுத்தமாகத் தேய்த்து வாலைச் சீவினால் போதும். வெட்டுவதானால் குளிப்பாட்டி, நன்றாகக் காய்ந்தபின், முடிவெட்டும் இயந்திரத்தின் பத்தாம் எண் பிளேடால், ஒன்றிரண்டு வாரம் முன்பு. அழுக்கு முடியில் பிளேடு சூடாகி இழுக்கும், கோடு கோடாகவும் விழும். அந்தக் கோடுகள் மறைய நாள் வேண்டும். வெட்டிய குதிரைக்கு இரவில் போர்வையும், தோல் இளஞ்சிவப்பாக உள்ள இடத்தில் வெயில் களிம்பும் வேண்டும்.

மீசை, காது உள்முடி போன்றவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் முகத்தோடு முகம் வைத்துப் பழகும் குதிரைக்கு அந்த மீசை உணர்வு தேவை. ஒரு ரிப்பனுக்காக அதை எடுக்க வேண்டாம்.

8. டிரெய்லர்

பெரிய குதிரைக்கான டிரெய்லரில் மார்புக் கம்பியும் பின்கம்பியும் பெரிய குதிரையின் உயரத்தில் இருக்கும். மினி அதன் அடியில் நடந்து வெளியே வந்துவிடும். கதவைத் திறந்த கணமே சாலையில் இறங்கிவிடும் ஆபத்து இது. நடுத்தடுப்பை எடுத்துவிட்டு, மூடிய பெட்டி போல ஆக்கி, இரண்டு மினிகளையும் கட்டாமல் சேர்த்து விடுங்கள். பெரிய குதிரையோடு ஒரே பெட்டியில் வேண்டாம், ஒரு மிதி போதும்.

சாய்தளம் உள்ள டிரெய்லர் நல்லது. படி உள்ளதென்றால் உறுதியான ஒரு மேடை வைத்து ஏற்றப் பழக்குங்கள். வழுக்காத ரப்பர் விரிப்பும் அதன்மேல் மரச்சீவலும் வேண்டும். ஜன்னல் பெரிய குதிரையின் மூக்குக்கு நேராக இருக்கும். மினியின் உயரத்துக்குக் காற்று வருகிறதா என்று நீங்களே உள்ளே உட்கார்ந்து பாருங்கள்.

கிளம்புமுன் காய்ச்சல் பாருங்கள். 101.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் பயணம் ரத்து. ஷோ முடிந்துபோகிறதே என்று யோசிக்க வேண்டாம். 2011ல் யூட்டாவின் ஆக்டனில் நடந்த ஒரு குதிரைப் போட்டியிலிருந்து ஹெர்பிஸ் வைரஸ் பல மாநிலங்களுக்குப் பரவியது. காய்ச்சலோடு ஒரு குதிரை வந்தால் போதும்.

9. மைதானத்து ஸ்டால்

குதிரையை இறக்குமுன் ஒருவர் போய் ஸ்டாலைப் பார்க்க வேண்டும். கதவுக்கு அடியில் இடைவெளி, கம்பிகளுக்கு நடுவே தலை நுழையும் ஓட்டை, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி. பெரிய குதிரை கவனிக்காத உயரத்தில்தான் மினியின் கண் இருக்கும். கையோடு ஒரு சுருள் கம்பிவலையும் கட்டுக்கம்பியும் எடுத்துப்போங்கள்.

வாளி மாட்டும் கொக்கி மினிக்கு எட்டாது. மார்பு உயரத்தில் தாழ்த்தி மாட்டுங்கள். உலர்புல்லை வலையில் கட்டித் தாழ்வாகத் தொங்கவிடாதீர்கள், முன்காலைத் தூக்கி வலைக்குள் விட்டுச் சிக்கிக்கொள்ளும். தரையில் போட்டுவிடலாம்.

தண்ணீரும் புல்லும் மையத்திலிருந்தே. வேற்றூர்த் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் குடிக்காமல் விட்டால் வயிற்றுவலி வரும். பொதுத் தொட்டியில் குடிக்கவிடுவதும், அடுத்தவர் வாளியை வாங்குவதும், தண்ணீர்க் குழாயின் நுனியை வாளிக்குள் முக்குவதும் தொற்றுக்கு வழி. மினி ஒரு வேளை முழுக்கத் தின்னாமல் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பெரிய குதிரையைப் போல "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட முடியாது. மினிகள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலைத் தாக்கும். சாணம் எத்தனை முறை போட்டது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

"தீனி கொடுக்காதீர்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள்" என்ற அட்டையும், ஒரு தொலைபேசி எண்ணும் கதவில் இருக்கட்டும். அட்டையை யாரும் படிக்க மாட்டார்கள். ஸ்டாலில் ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும். கட்டவிழ்ந்த நாய்கள்தான் அவருடைய முதல் கவலை.

தங்கும் விடுதிக்கோ உணவகத்துக்கோ மினியைக் கூட்டிப்போகலாமா என்று யாராவது கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2011 மார்ச் முதல் மினியேச்சர் குதிரைக்கு இடமுண்டு, ஆனால் ஒருவருக்கென்று தனியாகப் பயிற்றுவிக்கப்பட்ட சேவைக் குதிரைக்கு மட்டும். சிகிச்சை மையத்துக் குதிரை அந்தக் கணக்கில் வராது.

10. ஷோ நாள்

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் குதிரையை மட்டும் பார்ப்பார். ஒருவர் பிள்ளையை மட்டும். ஒருவர் வாசலில் நின்று, முன்னால் எத்தனை வகுப்பு இருக்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்புவார். ஒருவர் ஸ்டாலில். ஒருவருக்கு வேலையே கிடையாது. யாராவது கழிப்பறைக்குப் போகும்போது அவர் நிற்பார். பிள்ளையின் துணையாளாகப் பெற்றோரைப் போடாதீர்கள். அவர்களுக்கும் அன்று பார்வையாளர் இருக்கை ஒன்று கிடைக்கட்டும், பிள்ளையும் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் குதிரையைப் பார்ப்பார்.

தடை வரிசையின் வரைபடம் பெரும்பாலும் அன்று காலையில்தான் ஒட்டப்படும். படம் எடுத்து, தரையில் நான்கு கூம்பு வைத்து நடந்து பாருங்கள், ஒருமுறை குதிரை இல்லாமல், ஒருமுறை குதிரையோடு. அதற்கு மேல் வேண்டாம். திரும்பத் திரும்பச் செய்தால் மினி அடுத்தது என்ன என்று தானே முடிவுசெய்து, சொல்லுமுன் போய்விடும்.

களத்தில் நிற்கும் உதவியாளரிடம் போய், வெளியேறுவதற்கான சைகை ஒன்றைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். துணையாள் தொப்பியைத் தொட்டால் வாசலைத் திறக்க வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது. குதிரை பதறினால், பிள்ளைக்குப் போதும் என்று தோன்றினால், அந்த நொடியே வெளியே. பாதியில் வந்தாலும் அந்தப் பிள்ளை களத்தில் நடந்தவர்தான்.

வகுப்பு முடிந்ததும் குதிரையை நேரே ஸ்டாலுக்குக் கொண்டுபோங்கள். படம் எடுக்க எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். வரிசையில் நிற்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வழக்கமாக மையத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்யுமோ அதைவிடக் குறைவாகவே அன்று வேலை இருக்க வேண்டும், ஏனென்றால் பயணமும் கூட்டமும் அதற்கு வேலைதான்.

11. திரும்பி வந்தபின்

வந்த குதிரைகளை இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். தனி வாளி, தனி முள்வாரி, கடைசியாகத் தீனி. காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதுங்கள். இதை விடுபவர்கள்தான் அதிகம், ஏனென்றால் திங்கட்கிழமை வகுப்புக்கு மினி வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற ஒரு தொற்று லாயத்துக்குள் வந்தால் எல்லாக் குதிரைகளும் அடைபடும், வாரக்கணக்கில் வகுப்பே நடக்காது. அதனால் இந்த இரண்டு வாரத்துக்கும் மினி இல்லாத அட்டவணையை ஷோவுக்கு முன்பே போட்டுவைத்துவிடுங்கள்.

ஷோவுக்குப் போனவர் இந்த நாட்களில் தன் மினியைத் தேடுவார். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், தொட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் நாள் திட்டத்தைச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொன்னால் சண்டை வராது.